கனிஷாயின் நாக்கு

கனிஷாய் சத்தமாகப் பேசுகிறவள். முற்றத்தில் நின்று அவள் கோழியை விரட்டினால் ஆற்றுக்கு அந்தக் கரையில் மேய்கிற ஆடு நிமிர்ந்து பார்க்கும் என்று அக்-தெரெக் கிராமத்துப் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. பிள்ளைகள் தட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும்போது ஒருவரையும் விடாமல் திட்டுவாள்; திட்டிக்கொண்டே இன்னொரு கரண்டி கஞ்சியைக் கூடுதலாக ஊற்றுவாள். அதனால் அவளிடம் திட்டு வாங்கப் பிள்ளைகளுக்குள் போட்டியே இருந்தது.

அவள் வாயில் அதிகம் புழங்கிய திட்டு, "மண்ணு உன்னை முழுங்க!" என்பது. கிர்கிஸ் நாட்டின் அந்தத் தெற்குப் பள்ளத்தாக்கில் பெற்றவர்கள் எல்லோரும் சொல்கிற திட்டுதான். பால் கொட்டினால் சொல்வார்கள். கோழி கீரைப் பாத்தியைக் கிளறினால் சொல்வார்கள். சமோவார் கொதிக்க நேரமானால் சமோவாரைப் பார்த்தும் சொல்வார்கள். பொருளை எண்ணிப் பார்த்து யாரும் சொல்வதில்லை. சொல்லப்பட்டவனும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கனிஷாய்க்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் மக்சத், இருபத்திரண்டு வயது. இளையவள் அய்ஜமால். கணவர் தோக்தோசுன் தேனீ வளர்த்தார். வீட்டில் இருந்த சத்தம் முழுவதையும் மனைவி எடுத்துக்கொண்டதால் மிச்சமிருந்த அமைதி அவருக்கு வந்தது என்று கேலி பேசுவார்கள்.

மக்சத் சோம்பேறி இல்லை. மறதிக்காரன். சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலை உட்கார்ந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுந்து போவான். ஒரு கதவைத் திறந்தால் திரும்ப மூடமாட்டான். அம்மா திட்டுவது அவனுக்கு ரேடியோ கேட்பதைப் போல. இடையிடையே பதில் சொல்லி அவளை இன்னும் கிளப்பிவிடுவான்.

அந்த ஏப்ரல் மாதம் மழை விடவே இல்லை. ஊருக்கு மேலே இருந்த மலைச்சரிவில் விரிசல் விட்டிருந்தது. சரிவின் அடியில் குடியிருந்தவர்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டார்கள். அப்படி வந்தவர்களில் ஒருத்தி துர்சுனாய், தோக்தோசுனின் அக்கா. வீட்டைக் காலி செய்துவிட்டாளே ஒழிய, கொட்டகையில் மாடுகளுக்கான வைக்கோல் அப்படியே கிடந்தது. புதுப்புல் வரும்வரை அதுதான் தீனி. மகனை அனுப்பு, வண்டியில் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று தம்பிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் காலையில் கனிஷாய் வாளியோடு தொழுவத்துக்குப் போனபோது கன்றுக்குட்டி தாயின் மடியில் முட்டிக்கொண்டிருந்தது. பட்டியின் தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. மடியில் ஒரு சொட்டுப் பால் இல்லை. அவள் வெறும் வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"டேய் மக்சத்! தாழ்ப்பாளைப் போடக்கூட உனக்குக் கை வலிக்குதா? ஊர்ல எல்லாரும் பிள்ளை பெத்தாங்க, நான் ஓட்டைச் சாக்கைப் பெத்து வெச்சிருக்கேன்! மண்ணு உன்னை முழுங்க!"

மக்சத் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

"மண்ணு இப்பதான் சாப்பிட்டுப் படுத்திருக்கும்மா. எந்திரிச்சதும் சொல்றேன்" என்றான். சிரித்துக்கொண்டே மழையில் இறங்கிப் போனான். படலைத் திறந்தவன் மூடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு சத்தம் கேட்டது. கனிஷாய் ஏதோ கனமான லாரி ஏறி வருகிறது என்று நினைத்தாள். பக்கத்து வீட்டு பூபுசரா தலையில் துணி இல்லாமல் தெருவில் ஓடுவதைப் பார்த்த பிறகுதான் அவளும் படலுக்கு வெளியே ஓடினாள்.

சரிவு இறங்கியிருந்தது. துர்சுனாயின் வீடு, கொட்டகை, வாதுமை மரங்கள் எதுவும் தெரியவில்லை. எல்லாம் ஒரே ஈரமண். துர்சுனாய் வண்டியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றிருந்தாள். மக்சத் கடைசி வைக்கோல் கட்டை எடுக்க உள்ளே போயிருந்தான்.

புல்டோசர்கள் வந்தன. ஊர் ஆண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். ஆனால் தோண்டத் தோண்ட மேலிருந்து மண் வழிந்துகொண்டே இருந்தது. மழையும் நிற்கவில்லை. சில நாள் கழித்து மீட்புப் படைக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தோக்தோசுனிடம் பேசினார். பிறகு இமாமும் ஊர்ப் பெரியவர்களும் பேசி முடிவெடுத்தார்கள். இந்தச் சரிவே அவன் கபராக இருக்கட்டும் என்றார்கள். சேற்றில் வரிசையாக நின்று, அந்தச் சரிவை எதிரே வைத்து, இறந்தவர்களுக்கான ஜனாஸா தொழுகையை நடத்தினார்கள்.

வீட்டு முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுப்பினார்கள். வெளியே தோக்தோசுன் கோலை ஊன்றிக் குனிந்து நின்று, வருகிறவர்களைப் பார்த்துப் பெருங்குரலெடுத்து அழுதார். உள்ளே பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்க வேண்டும். பெற்றவள்தான் தொடங்க வேண்டும். கனிஷாய் வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை. கண்ணும் காய்ந்து கிடந்தது. வெளியூரிலிருந்து வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

துர்சுனாய் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று அவள் கனிஷாயின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இப்ப ஏண்டி வாய் வரல? அன்னிக்குக் காலையில வந்துச்சே! தெருவே கேட்டுச்சே! வானத்துக் கதவு திறந்திருக்கிற நேரம்னு ஒண்ணு இருக்கு. அந்த நேரத்துல பெத்தவ வாயில என்ன வருதோ அது நடக்கும்னு பெரியவங்க சும்மாவா சொல்லியிருக்காங்க? மண்ணு முழுங்கட்டும்னு கேட்ட. முழுங்கிடுச்சு. சந்தோஷமா?"

பூபுசரா மட்டும், "துர்சுனாய் அக்கா, விடுங்க, பாவம்" என்றாள். ஆனால் அந்தச் சொல் போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டது. கனிஷாய் அதைப் புதிதாகக் கேட்கவில்லை. படலுக்கு வெளியே ஓடிய நிமிஷத்திலிருந்தே அவள் மனசு அவளிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது இன்னொருத்தி சாட்சி சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து கனிஷாய் பேச்சை விட்டாள். ஊமையாகிவிடவில்லை. உப்பு, தண்ணீர், ஆம், இல்லை என்று நாளுக்கு நாலு வார்த்தை சொல்வாள். அதற்கு மேல் வாயைத் திறக்கப் பயம். பள்ளிக்கூடத்தில் தலையைக் குனிந்துகொண்டு கஞ்சி ஊற்றினாள். பிள்ளைகள் முதலில் பயந்தார்கள், பிறகு மறந்தார்கள். கோழியைக் கூடக் கையை ஆட்டித்தான் விரட்டினாள்.

அதுவரை பண்டிகைக்கு மட்டும் தலையில் துணி போட்டுக்கொண்டவள், ஐந்து வேளையும் தொழ ஆரம்பித்தாள். எல்லோரும் நல்லது என்றார்கள். அவள் தொழுதது தண்டனைக்காக. நெற்றியைத் தரையில் வைக்கும்போதெல்லாம் ஒன்றையே கேட்டாள்: என் நாக்குதானே அவனைக் கொன்றது, இந்த நாக்கையும் எடுத்துக்கொள், என்னையும் எடுத்துக்கொள். அல்லா எடுத்துக்கொள்ளவில்லை. அதையும் அவள் தண்டனை என்றே நினைத்தாள்.

அய்ஜமாலுக்கு உஸ்கெனில் மாப்பிள்ளை அமைந்தது. பெண் வீட்டை விட்டுப் புறப்படும்போது தாய் இரண்டு கையையும் ஏந்தி வாழ்த்தி அனுப்ப வேண்டும். கார் வாசலில் நின்றது. தாயைக் காணோம். தொழுவத்தின் இருட்டு மூலையில், பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

அய்ஜமால் வெள்ளை உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாணத்தில் கால் வைத்து உள்ளே வந்தாள். "அம்மா, ஒரே ஒரு வார்த்தை. நல்லா இருன்னு சொல்லுங்க. போதும்."

கனிஷாய் முடியாது என்று தலையை ஆட்டினாள். இந்த வாயிலிருந்து எதுவும் உன் மேல் படக்கூடாது என்று அவள் சொல்ல நினைத்தாள். மகளுக்கு அது எப்படித் தெரியும்? "அண்ணன் மட்டும்தான் உங்க பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு அழுதுகொண்டே போய்க் காரில் ஏறினாள்.

தோக்தோசுனுக்குத்தான் மிகவும் கஷ்டமாகப் போனது. அந்த மனிதர் மகனைப் பற்றிப் பேச ஏங்கினார். தேநீர் குடிக்கும்போது மெல்ல ஆரம்பிப்பார்: "நேத்து கனவுல பய வந்தான், கனிஷாய். அதே பூட்ஸ் போட்டிருந்தான்." அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விடுவாள். கொஞ்ச நாளில் அவர் அவளிடம் சொல்வதை நிறுத்திவிட்டார். தேன்பெட்டிகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பதை பூபுசரா வேலி வழியாகப் பார்த்திருக்கிறாள்.

ஐந்தாம் வருஷம் இலையுதிர் காலத்தில் அவருக்கு இதயம் பலவீனமாகிப் படுத்துவிட்டார். ஒரு மத்தியானம் கனிஷாய் சூப்பு ஊட்டிக்கொண்டிருக்கும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"உன்மேல எனக்குக் கோவம் இல்ல. அக்கா சொன்னதை நான் ஒரு நாளும் நம்பல. ஆனா ஒண்ணு கனிஷாய், நீ என்னைத் தனியா அழ விட்டுட்டியே."

கனிஷாய் கரண்டியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய் திறக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் அவர் போய்விட்டார். அவருடைய சாவுக் கூடாரத்திலும் அவள் சுவரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு பூபுசரா அவளை விடவில்லை. வியாழக்கிழமைகளில் பெண்கள் ஒரு வீட்டில் கூடி ஓதுவார்கள். ஓதிக் கொடுப்பவள் மஸ்தூரா என்ற உஸ்பெக் பெண், கனிஷாயைவிட வயதில் இளையவள், கைக்குழந்தைக்காரி. பூபுசரா கனிஷாயைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஓரமாக உட்கார வைப்பாள். கனிஷாய் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் எல்லோரும் போன பிறகு வாசலில் செருப்பைத் தேடுகிற சாக்கில் நின்று மஸ்தூராவிடம் கேட்டாள்.

"சபிச்ச வாய்க்கு மன்னிப்பு உண்டா?"

மஸ்தூராவுக்குக் கதை தெரியும். ஊரில் யாருக்குத்தான் தெரியாது? குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "மன்னிப்புக் கேளுங்க அக்கா. மலையளவு பாவம் செஞ்சவங்களையும் அவன் மன்னிக்கிறான்" என்றாள்.

நல்ல பதில்தான். கனிஷாய் மன்னிப்புக் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். மனசு ஒரு இம்மியும் நகரவில்லை. செய்யாத கொலைக்கு மன்னிப்புக் கேட்டால் அது எங்கே வந்து சேரும்? ஆனால் அப்போது அவளுக்கு அது புரியவில்லை. மலையளவு பாவத்தை மன்னிக்கிறவன்கூடத் தன்னை ஒதுக்கிவிட்டான் என்றே எடுத்துக்கொண்டாள்.

மகன் போய் ஏழு வருஷம் ஆன கோடையில், அய்ஜமால் தன் மகள் மேரிமோடு ஆப்ரிகாட் பழம் உலர்த்த வந்தாள். கல்யாணத்தன்று நடந்ததை அவள் மறக்கவில்லை. ஆனால் அப்பாவும் இல்லாமல் அம்மா தனியாக இருக்கிறாளே என்று வருஷத்துக்கு ஒரு தடவை வந்துபோவாள். வந்தால் தாயும் மகளும் ஒன்றாக வேலை செய்வார்கள். பேச்சு மட்டும் மகளுடையது.

பழத்தைப் பிளந்து கொட்டையை எடுத்துத் தட்டுகளில் அடுக்கிப் பெஞ்சின் மேல் வைத்து முடித்திருந்தார்கள். நான்கு வயது மேரிம் பூனையைத் துரத்திக்கொண்டு வந்தாள். பூனை பெஞ்சுக்கு அடியில் நுழைந்தது. குழந்தை பெஞ்சின் மேல் ஏறினாள். காலையிலிருந்து அடுக்கிய தட்டுகள் அத்தனையும் புழுதியில் கவிழ்ந்தன.

அய்ஜமால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினாள். "அடி குட்டிப் பிசாசே! மண்ணு உன்னை முழுங்க!"

குரல் அப்படியே கனிஷாயின் பழைய குரல். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரல். குழந்தை களுக்கென்று சிரித்துவிட்டுப் படலைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடியது.

கனிஷாய்க்கு என்ன நடந்ததென்று அவளுக்கே தெரியாது. எப்படி எழுந்தாள், எப்படி ஓடினாள் என்று பிறகு கேட்டபோதும் அவளால் சொல்ல முடியவில்லை. தெருமுனையில் குழந்தையை வாரி எடுத்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்து மூலையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை திமிறியது. "விடுங்க, வலிக்குது!" என்று அழுதது. அவள் விடவில்லை.

அய்ஜமால் சலித்துக்கொண்டே உள்ளே வந்தாள். "என்னம்மா இது, பழம் கொட்டினதுக்கு நான் என்ன அடிச்சுடவா போறேன்?" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்பது அவளுக்கு உறைத்தது. அப்படியே சுவரில் சாய்ந்து கீழே சரிந்தாள்.

"அம்மா... நான் சும்மாதான்... வாய் தவறி வந்துடுச்சு. என் குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா? நான் சொன்னதுனால? அம்மா, சொல்லுங்க, ஏதாவது ஆயிடுமா?"

"பைத்தியக்காரி!" என்று கனிஷாய் கத்தினாள். "சொன்னா உடனே நடந்துடுமா? உன் நாக்கு என்ன, அல்லாவா? உயிரைக் கொடுக்கிறதும் எடுக்கிறதும் அவன் வேலை. உன் நாக்குக்கு எவன் கொடுத்தான் அந்த அதிகாரத்தை? எந்திரி! எந்திரிச்சு முகத்தைக் கழுவு!"

வீடு அதிர்ந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தது. அய்ஜமாலும் பார்த்தாள். ஏழு வருஷமாக அந்த வீட்டில் கேட்காத குரல்.

கனிஷாயும் அதைக் கேட்டாள். சொன்னது தான்தான் என்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. கை தானாகத் தளர்ந்தது. குழந்தை இறங்கித் தாயிடம் ஓடியது.

பிற்பகல் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. கனிஷாய் எழுந்து கை கால் கழுவினாள். உள்ளறையில் விரிப்பைப் போட்டு நின்றாள். நெற்றியைத் தரையில் வைத்தபோது, வழக்கமாக வருகிற வேண்டுதல் நாக்கின் நுனிவரை வந்து நின்றுவிட்டது. என் நாக்குதானே அவனைக் கொன்றது. இப்போது அதைச் சொல்ல முடியவில்லை. மகளிடம் கத்திய வார்த்தை குறுக்கே நின்றது.

அந்தக் குழந்தைக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் அய்ஜமாலைக் கொலைகாரி என்று சொல்லியிருப்பேனா? கையை அவள் வாயில் வைத்து மூடி, மடியில் போட்டுக்கொண்டு, உன்னால் இல்லை, உன்னால் இல்லை என்றுதானே சொல்லியிருப்பேன். எனக்கே இவ்வளவு இரக்கம் இருக்கிறதென்றால், இவளையும் என்னையும் படைத்தவனுக்கு இருக்காதா? ஒரு வாளிப் பாலுக்காக ஒரு தாய் கத்துவதைக் காதுகொடுத்துக் கேட்டு, சரி என்று மலையைத் தள்ளிவிடுகிறவனையா நான் இத்தனை நாள் கும்பிட்டேன்? அப்படி ஒருவன் இல்லவே இல்லை. அல்லாவுக்குப் பக்கத்தில் என் நாக்கைத் தூக்கி வைத்து, அதற்குப் பயந்து, அதையே அல்லவா ஏழு வருஷம் தொழுதிருக்கிறேன்?

"என்னை மன்னிச்சுடு" என்றாள். இந்தத் தடவை மன்னிப்பு வேறொன்றுக்கு. "உன்னைப் பத்தி நான் தப்பா நினைச்சுட்டேன். மக்சத்தைக் கொண்டு போனது நீ. நான் இல்ல. ஏன் கொண்டு போனியோ, எனக்குத் தெரியாது. ஆனா நான் இல்ல."

சொன்னதும் நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. நிம்மதி வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வந்தது அது அல்ல. குற்றம் இருந்தவரை அவன் அவளோடு கட்டப்பட்டிருந்தான். காலையில் எழுந்தவுடன் அவள் அவனைக் கொல்வாள், நாள் முழுவதும் அதற்காகத் துடிப்பாள். இப்போது அந்தக் கயிறு போய்விட்டது. மிச்சமிருந்தது ஒன்றுதான். அவன் இல்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போன பிள்ளை திரும்பி வரவே போவதில்லை. அது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

விரிப்பிலிருந்து அவளால் எழ முடியவில்லை. தொண்டையிலிருந்து முதலில் ஒரு கரகரப்பு வந்தது, அப்புறம் குரல் வந்தது. பூபுசரா வேலியைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தாள். அய்ஜமால் தாயைக் கட்டிக்கொண்டு, "அழுங்கம்மா, அழுங்க" என்றாள். அவளும் அழுதாள். அண்ணனுக்காகத் தாயோடு சேர்ந்து அவள் அழுவது அதுவே முதல் தடவை.

மறுநாள் காலையில் தாயும் மகளும் பேத்தியும் சரிவுக்குப் போனார்கள். மகனைத் தேடிய நாட்களுக்குப் பிறகு அந்தப் பக்கம் கனிஷாய் போனதே இல்லை. மண் இறுகிப் புல் மூடிவிட்டது. யாருடைய ஆடோ மேய்ந்துகொண்டிருந்தது. அவன் எந்த இடத்தில் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. அவள் ஒரு இடத்தில் உட்கார்ந்தாள். வழக்கமான ஒப்பாரி வரிகள் எதுவும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்ததைப் பாடினாள்:

"சேணம் போடாத குட்டியே, நீ எந்தப் புல்வெளிக்குப் போனாய்?
படலைத் திறந்து போட்டுப் போனாயே, நான் எந்தப் பக்கம் பார்த்து நிற்பேன்?
அரைத் துண்டு ரொட்டி தின்ற வாயே, அரை வயிறாப் போனாயே..."

வெயில் ஏறும்வரை பாடினாள். பிறகு கையேந்தி அவனுக்காகத் துஆ செய்தாள்.

இறங்கி வரும் வழியில்தான் துர்சுனாயின் புது வீடு. கனிஷாய் அய்ஜமாலைப் போகச் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனாள். துர்சுனாய் கட்டிலில் உட்கார்ந்து கம்பளிக் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். இருவரும் பேசி வருஷக்கணக்காயிற்று.

"மதினி, அவன் கிட்டப் போயிட்டு வர்றேன். என் வார்த்தையால அவன் சாகல. இப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

துர்சுனாய் கயிற்றைக் கீழே வைத்தாள்.

"உன் வார்த்தையால இல்லேன்னா, அப்புறம் எதனால?" என்றாள். "நான்தானே கூப்பிட்டு விட்டேன். போதும்டா, வந்துடுன்னு சொல்ல வேண்டியவ, இன்னும் ஒரே ஒரு கட்டு இருக்குன்னு சொன்னேன். மாட்டுக்கு வைக்கோல், மாட்டுக்கு வைக்கோல்னு. பழியை உன் நாக்கு மேல போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு, கனிஷாய்."

கனிஷாய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடிக்கப் பார்த்தாள். "மதினி, உங்க மேலயும் இல்ல. நேரத்தைக் குறிச்சவன் அல்லா. நீங்க வைக்கோலைத்தான் கேட்டீங்க. பிள்ளை உயிரைக் கேக்கல."

துர்சுனாய் கையை உதறினாள். "உனக்கு லேசாயிடுச்சு. எனக்கு ஆகல. போயிடு."

கனிஷாய் எழுந்து வந்துவிட்டாள். ஏழு வருஷம் தனக்கே புரியாததை ஒரு காலை நேரத்தில் இன்னொருத்திக்கு எப்படிப் புரிய வைக்க முடியும்? அன்று கூடாரத்தில் அந்த வார்த்தையைச் சொன்னவளின் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

தோக்தோசுனின் கபரில்தான் அவள் மனசு மறுபடியும் உடைந்தது. மக்சத்தைப் பற்றி அவரிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. அவன் சிறுவயதில் தேன்பெட்டியைத் திறந்து முகம் வீங்கி வந்தது, கல்யாணத்துக்குப் பெண் பார்த்து வைத்திருந்ததை அம்மாவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னது. எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னாள். கேட்க வேண்டியவர் மண்ணுக்குள் இருந்தார். மக்சத்தின் சாவு அவளால் இல்லை. ஆனால் அந்த மனிதரைத் தனியாக அழவிட்டது அவள்தான். அதற்கு மன்னிப்புக் கேட்டாள். கிடைத்தது என்று நம்புகிறாள். நம்பினாலும் அந்த இடம் வலிக்கத்தான் செய்கிறது.

அய்ஜமால் ஊருக்குக் கிளம்பும்போது, கேட்காமலேயே கனிஷாய் கையேந்தி வாழ்த்தினாள். வார்த்தை பழகவில்லை, நடுவில் திக்கியது. மகள் கையேந்திக்கொண்டு கடைசிவரை நின்று கேட்டாள்.

பழைய நினைப்பு முழுசாகப் போய்விடவில்லை. மழை பெய்கிற காலைகளில் வாளியைத் தூக்கும்போது, நீதான், நீதான் என்று உள்ளே ஒன்று ஆரம்பிக்கும். அப்போது அவள் நின்றுகொண்டு, "அவன் ஒருவனைத் தவிர வேறு யாருக்கும் அந்த அதிகாரம் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்வாள். சில நாள் ஒரு தடவை போதும். சில நாள் பால் கறந்து முடிக்கும்வரை சொல்ல வேண்டியிருக்கும்.

அவள் இப்போது அதிகம் அழுகிறாள். கஞ்சி கிண்டும்போது அழுகிறாள், சந்தையில் ரப்பர் பூட்ஸ் கடையைத் தாண்டும்போது அழுகிறாள். பூபுசரா ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"மனசு விடுதலையாயிடுச்சுன்னு சொன்ன. அப்புறம் ஏண்டி முன்னைவிட அதிகமா அழற?"

"அப்ப நான் கொலைகாரி" என்றாள் கனிஷாய். "கொலைகாரிக்கு அழ ஏது உரிமை? இப்பத்தான் நான் பிள்ளையைப் பறிகொடுத்தவ."

வியாழக்கிழமைதோறும் சட்டியில் எண்ணெய் காயவைத்து, இறந்தவர்களுக்கு வாசனை போய்ச் சேரட்டும் என்று சின்னச் சின்ன ரொட்டிகளாகச் சுடுகிறாள். ஓதி முடித்துத் தட்டில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுக்கிறாள். துர்சுனாய் கதவைத் திறப்பதில்லை. அவள் பங்கை ஒரு துணியில் முடிந்து படலில் கட்டிவிட்டு வருவாள். சில வாரம் வெறும் துணி மடித்துப் படலிலேயே திரும்ப வைக்கப்பட்டிருக்கும். சில வாரம் நாய் இழுத்துத் தெருவில் போட்டிருக்கும். அவள் எடுத்துத் துவைத்து, அடுத்த வியாழக்கிழமைக்கு வைத்துக்கொள்கிறாள்.